சும்மா ஆடுவோம்

ஆனிமேரி டீச்சர் பேட்மிண்டன் மட்டையைக் கையால் தொட்டதே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆயுசு பூராவும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். பிள்ளைகளின் விளையாட்டுப் பீரியடைப் பிடுங்கி அதிலும் கணக்கு நடத்தியவள் என்று பெயரெடுத்தவள். அவள் ஷூ வாங்கப் போனாள் என்று கேள்விப்பட்டால் ஞானஒளிவுபுரத்தில் பாதிப் பேர் சிரித்திருப்பார்கள்.

எல்லாம் பேங்கில் தொடங்கியது. பென்ஷன் விஷயமாகப் போனவளைக் கவுண்டரில் இருந்த பெண் அடையாளம் கண்டு எழுந்து வந்தாள். அஸ்வினி. பழைய மாணவி. கையைப் பிடித்து உட்கார வைத்துக் காப்பி சொன்னாள்.

"நீங்க எங்க பி.டி. பீரியட எல்லாம் எடுத்துக்கிட்டீங்கள்ல டீச்சர், அதெல்லாம் இப்பத்தேன் ஆடித் தீக்குறேன்" என்று சிரித்துக்கொண்டே போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். திருப்பரங்குன்றம் ரோட்டில் பழைய அரிசி குடோன் ஒன்றைச் சுத்தம் பண்ணி, கோடு போட்டு, வலை கட்டியிருந்தார்கள். பின்னால் ஒரு துணிப் பேனர். 'சும்மா ஆடுவோம்' என்று அதில் எழுதியிருந்தது. கிளப்பின் பெயரே அதுதான். "ஆடத் தெரிஞ்சவங்களவிட ஆடத் தெரியாதவங்கதேன் டீச்சர் அங்க அதிகம். யாரு வேணும்னாலும் வரலாம். சனிக்கிழம சாயங்காலம்."

படத்தில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்றார்கள். ஆனிமேரி ஒப்புக்குப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் தாடி வைத்த ஒரு ஆள், மற்றவர்களை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்து நின்றுகொண்டிருந்தான். முகத்தைப் பார்த்து அவளுக்குத் தெரியவில்லை. அந்த நிற்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. சின்ன வயதில் வீட்டுச் செபத்துக்கு நிற்கும்போது, "நேரா நில்லுடா" என்று அவள் எத்தனையோ தடவை கிள்ளிய நிற்பு அது.

அவளுடைய மகன் ஆலன்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நானும் வரலாமா அஸ்வினி?" என்று கேட்டாள்.

ஆலன் சென்னையில் இருக்கிறான் என்று ஒருவர் சொல்லியிருந்தார். திருப்பூர் என்று இன்னொருவர். போன் நம்பரை மாற்றிவிட்டான். அவன் இதே ஊரில், ஒரே பஸ் பிடித்தால் போய்விடுகிற தூரத்தில் இருப்பான் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. தூரத்தில் இருக்கிறான் என்று நம்பியதில் ஒரு சௌகரியம் இருந்தது. தூரம் இருந்தால் அவன் வராததற்கு அதுவே காரணமாகிவிடும்.

அவன் ஷாஹீதாவைக் கல்யாணம் பண்ணி வீட்டுக்குக் கூட்டிவந்த நாள் அவளுக்கு மறக்காது. ரிஜிஸ்டர் ஆபீசிலிருந்து நேராக வந்திருந்தார்கள். கழுத்தில் மாலை இருந்தது. கணவர் ஞானசீலன் வாசலில் நின்றார். ஹெட்மாஸ்டராக இருந்தவர், மாதா கோயில் கமிட்டியிலும் இருப்பவர். சத்தம் போடவில்லை. "இனிமே இங்க ஒனக்கு ஒண்ணும் இல்ல, போ" என்று பள்ளிக்கூடத்தில் டி.சி. கொடுக்கிற குரலில் சொன்னார். ஆனிமேரி அடுப்படியில் நின்றாள். ஆலன், "அம்மா" என்று கூப்பிட்டான். அவள் போகவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். அவள் பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் மூன்றாவது தடவை கூப்பிட்டானா என்று தெரியவில்லை. குழாயை மூடியபோது வாசலில் யாரும் இல்லை.

வீட்டில் ஆலனைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோனது. எதிர்த்துக் கேட்டிருந்தால் ஞானசீலன் என்ன செய்திருப்பாரோ தெரியாது. அவள் கேட்கவே இல்லை.

"பேட்மிண்டனா? இந்த வயசுல துள்ளிக் குதிக்கவா போற?" என்றார் ஞானசீலன், பேங்கிலிருந்து வந்து அவள் கிளப்பைப் பற்றிச் சொன்னதும்.

"சுகருக்கு டாக்டர் நடக்கச் சொன்னாருல்ல."

"நட. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"குதிச்சாலும் நல்லதுதானாம்."

அவர் பேப்பரை மடித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள் என்றும் சொல்ல முடியாது.

முதல் சனிக்கிழமை சுடிதாரின் மேல் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு, புது ஷூவைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தாள். முதல் வார்த்தைக்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. அந்த முதல் வார்த்தையும் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் மாறிக்கொண்டே வந்தது.

குடோனுக்குள் ஆலன் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே நெருப்பாகக் காந்தியது. கிளப்பை நடத்துகிற சேக் மைதீன் முன்னால் வந்து வரவேற்றார். தெற்கு மாசி வீதிப் பக்கம் திரைச்சீலைத் துணிக் கடை வைத்திருப்பவர். தொந்தியும் நரைத்த தாடியுமாக, விளையாட்டுக்காரர் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாத ஆள்.

"வாங்க டீச்சர், வாங்க. அஸ்வினி சொல்லுச்சு. இங்க ஒரே ஒரு சட்டந்தேன். ஜெயிச்சவன் தோத்தவனுக்குத் தண்ணி பாட்டில் ரொப்பிக் குடுக்கணும். அதனால தோத்தவனுக்குத்தேன் இங்க மரியாத. குரூப்புல ஒங்க நம்பரப் போட்டுருவோமா?"

"என் போன்ல அதெல்லாம் வராது பாய்" என்று பொய் சொன்னாள். பெயரைக் குரூப்பில் பார்த்துவிட்டு மகன் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அதே பயத்தில், ஆட்டம் முடிந்து எல்லோரும் பேனருக்கு முன்னால் படம் எடுக்க நின்றபோது ஷூவைக் கழற்றுகிற சாக்கில் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

ஆடியது என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவள் மட்டையை வீசும்போது காக் என்கிற அந்த இறகுப் பந்து அங்கே இருக்காது. காக் வந்து சேரும்போது மட்டை எங்கோ இருக்கும். ஒரு தடவை காக் நேரே வந்து உச்சந்தலையில் உட்கார்ந்தது. எதிர்ப்பக்கம் நின்ற பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனிமேரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, இது யார் வீட்டுச் சிரிப்பு என்று அவளுக்கே அந்நியமாகப்பட்டது.

வயிற்றைப் பிடித்துச் சிரித்த பெண் முத்துமீனா. பழங்காநத்தத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். வாய் ஓயாது. அடுத்த சனிக்கிழமை ஓய்வுக்கு உட்கார்ந்த இடத்தில், கோர்ட்டில் ஆடுகிற ஒவ்வொருவரையும் காட்டி யார் எவர் என்று டீச்சருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு பைபாஸ் ஆப்பரேசன். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நின்னுபோச்சு. இவர் குடியை விட்டு வருஷமாகிறது.

"எல்லாருமே இங்க ஏதோ ஒண்ணத் தொலச்சுட்டு வந்ததுங்கதேன் டீச்சர். மைதீன் பாய் அதுக்குத்தேன் இத ஆரம்பிச்சாரு. அவருக்கும் ஒரு கத இருக்கு. அத வுடுங்க, ஆலன்னு ஒரு தம்பி வருவான், நீங்க பாத்திருக்க மாட்டீங்க. தாடி வச்சிருப்பான். வேலையா ரெண்டு வாரம் சிவகாசிப் பக்கம் போயிருக்கான். அவன் வந்த புதுசுல பாக்கணுமே. பேச மாட்டான். அவன் வீட்டுக்காரிதேன் கையப் பிடிச்சுக் கொண்டாந்து உக்கார வச்சுட்டுப் போகும். மாசக்கணக்கா ஓரமா உக்காந்திருப்பான், கீழ விழுற காக்கப் பொறுக்கிப் போடுவான், அம்புட்டுதேன்."

"என்னவாம்?" என்றாள் ஆனிமேரி. தன் குரல் சாதாரணமாக இருந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

"புள்ள பெறந்து செத்துப்போச்சு டீச்சர். பொம்பளப் புள்ள. கொற மாசம். ரெண்டு நாளு கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்களாம். பாவம், லவ் மேரேஜ் போல, வேற வேற மதம். ரெண்டு பக்கத்துலயும் ஒரு நாதி எட்டிப் பாக்கலையாம். இவனே ஒத்த ஆளா ஆசுபத்திரிக்கும் மயானத்துக்கும் அலஞ்சிருக்கான். பெத்ததுங்க எல்லாம் மனுச ஜென்மமா இருந்தா இப்பிடி விடுமா, நீங்களே சொல்லுங்க."

ஆனிமேரி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள். திருகு சரியாக உட்காரவில்லை. மறுபடி திறந்து மறுபடி திருகினாள்.

"டீச்சர், நம்ம ஆட்டம் வந்துருச்சு, எந்திரிங்க" என்றாள் முத்துமீனா.

எழுந்து போய் ஆடினாள். ஒரு பாட்டி தன் பேத்தி பிறந்ததையும் இறந்ததையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, எழுந்து போய் வலைக்கு முன்னால் நின்று சர்வீஸ் போட்டாள். அழ முடியவில்லை. எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல முடியாது. கண்ணில் வியர்வை விழுந்துவிட்டது என்று துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டாள். எல்லோருமே வியர்வை வழிய நின்றதால் யாரும் கவனிக்கவில்லை.

அன்றைக்கே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அடுத்த சனிக்கிழமையும் போனாள். இப்போது மகனைப் பார்க்கிற ஆசை மட்டும் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற வெறி பிடித்துவிட்டது. அவன் திட்டினாலும் சரி, கை நீட்டி அடித்தாலும் சரி. வாரம் முழுக்க அடுப்படித் தொட்டியில் தண்ணீர் விழும்போதெல்லாம் குழாயை மூடி மூடி வைத்தாள்.

ஆலன் வந்திருந்தான். அவள் உள்ளே நுழைந்தபோது முதுகைக் காட்டி வலையின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். பிடரியில் முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. யாரோ ஏதோ சொல்ல, சிரித்தான். மைதீன் பாய் அவன் தோளில் தட்டி, "மாப்ள, ஒனக்கு இன்னிக்குப் புது ஜோடி" என்று திருப்பினார்.

"நம்ம மேரி டீச்சர். புதுசா வந்திருக்காங்க. புதுசுக்கு ஒரு பழசச் சேக்குறது நம்ம வழக்கம். டீச்சர், இவன்தேன் ஆலன். ஒங்களக் கண்ணுல வச்சுப் பாத்துக்குவான்."

ஆலனின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அணையவில்லை. உள்ளே ஆள் இல்லாத வீட்டில் எரிகிற விளக்குப்போல எரிந்துகொண்டே இருந்தது. பிறகு அவன் கைகூப்பினான்.

"வணக்கம் ஆன்ட்டி" என்றான்.

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அஸ்வினி நின்றாள். முத்துமீனா நின்றாள். பஸ்ஸில் யோசித்த வார்த்தை ஒன்றும் ஆனிமேரிக்கு வாயில் வரவில்லை.

"வணக்கம் தம்பி" என்றாள்.

ஆடினார்கள். ஜோடி ஆட்டத்தில் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நிற்க வேண்டும். "நீங்க நெட்டுக்கிட்ட நில்லுங்க ஆன்ட்டி. மேல போறத நான் எடுத்துக்கிறேன்" என்றான். அவள் முன்னால் நின்றாள். அவன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். அவனுடைய ஷூ தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. மூச்சு வாங்குவது கேட்டது. பிள்ளையில் அவனுக்கு இளைப்பு உண்டு. அந்த மூச்சை இரவெல்லாம் உட்கார்ந்து கேட்டவள் அவள். தாங்க முடியாமல் திரும்பினாள்.

"பின்னால பாக்காதீங்க ஆன்ட்டி. மூஞ்சில பட்டுரும்" என்றான்.

குரலில் கோபம் இல்லை. யாரோ ஒரு வயதான அம்மாளுக்குச் சொல்கிற அக்கறைதான் இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. வலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அந்த ஆட்டம் முழுக்க மகன் தன் பின்னால் ஓடுவதையும் குனிவதையும் தாவுவதையும் காதால் மட்டும் கேட்டாள். அவளுக்கு வந்ததை எல்லாம் விட்டாள். அவன் எட்டியவரை எடுத்தான். "விடுங்க." "என்னுது." "பரவால்ல ஆன்ட்டி, அடுத்தது." இவ்வளவுதான் பேசினான்.

தோற்றார்கள். ஜெயித்தவர்கள் ஆரவாரமாக வந்து பாட்டிலைக் கேட்டார்கள். ஆலன் தன் பாட்டிலைக் கொடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் போனான். அவள் பின்னாலேயே போனாள். அவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஆலன்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

அவன் நிமிரவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு ஆன்ட்டி" என்றான். அவன் கையில் பைக் சாவி இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அவன் வரவில்லை. "என்னன்னு தெரியல டீச்சர், குரூப்ப விட்டே வெளிய போயிட்டான். போன் அடிச்சா எடுக்கவும் மாட்டேங்குறான்" என்றார் மைதீன் பாய். அவர் முகம் வாடிப்போயிருந்தது. "ஆளத் தேத்திக் கொண்டாரதுக்குள்ள போதும்போதும்னு ஆயிருச்சு. யாரும் ஏதும் சொல்லிட்டாங்களான்னு எல்லாருகிட்டயும் கேட்டுட்டேன்." அவளிடம் மட்டும் கேட்கவில்லை. வந்து கொஞ்ச நாளே ஆன புது ஆளிடம் என்னத்தைக் கேட்பது?

அதற்கும் அடுத்த சனிக்கிழமை அவள் குடோன் வாசலில் இறங்கியபோது, கேட்டுக்குப் பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். மருந்துக் கடைச் சட்டையை மாற்றாமல் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். ஆனிமேரியைப் பார்த்ததும் இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"மாமி" என்றாள். "நான் ஷாஹீதா. ஒங்கள அவரு போன்ல படத்துல பாத்திருக்கேன்."

யாரும் ஆனிமேரியை அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஷாஹீதா கையைப் பிடித்து எதிரே இருந்த பருத்திப்பால் வண்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். இரண்டு டம்ளர் வாங்கிவந்து ஒன்றை அவள் கையில் கொடுத்தாள். இவள் கையை இவ்வளவு பதமாகப் பிடிப்பாள் என்று தெரியாமல் போனதே என்று ஆனிமேரிக்குத் தோன்றியது.

"அவரு ஒங்களத் திட்டல மாமி. திட்டியிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். அன்னிக்கு வந்தாரு. குளிச்சாரு. சாப்பிட்டாரு. ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டாரு. பாப்பா போனப்ப இப்பிடித்தான் இருந்தாரு. அதுல இருந்து வெளிய கொண்டாரதுக்கு நான் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும்."

"நான் மன்னிப்புக் கேக்கத்தாம்மா வந்தேன். வேற ஒண்ணுக்கும் இல்ல. ஒரே ஒரு தடவ."

ஷாஹீதா டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கேட்டா அவரு குடுக்கணும்ல மாமி. அவருகிட்ட இப்ப யாருக்கும் குடுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல."

பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. குடோனுக்குள்ளிருந்து காக் அடிபடுகிற சத்தமும் மைதீன் பாயின் கூச்சலும் கேட்டன.

"பாப்பாவுக்குப் பேரு வச்சீங்களா?" என்று கேட்டாள் ஆனிமேரி.

"மரியம். அவருதான் வச்சாரு."

ஆனிமேரி கையிலிருந்த டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"அடக்கம்?"

"எங்க பக்கம் என்னாலயே போய்க் கேக்க முடியல. ஒங்க கோயில்ல கேக்கலாம்னு அவரு போனாரு. வாசல்ல மாமா நின்னு யாருகூடயோ பேசிக்கிட்டு இருந்தாராம். பாத்துட்டுத் திரும்பி வந்துட்டாரு. பொறவு மாநகராட்சி எடத்துல..." அவள் முடிக்கவில்லை. முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மாமி, நான் கேக்குறது தப்புன்னு எனக்குத் தெரியும். பெத்தவங்ககிட்ட இப்பிடிக் கேக்கக் கூடாது. ஆனா அவருக்கு இந்த ஒரு எடந்தான் இருக்கு. இங்கதான் அவரு சிரிக்கிறாரு. நீங்க வராதீங்க மாமி."

"சரிம்மா" என்றாள் ஆனிமேரி.

வாதாடவில்லை. வாதாட என்ன இருக்கிறது? கூப்பிட்டபோது போகாதவள், கூப்பிடாத இடத்துக்கு வந்து நின்றாள். மகன் தானாகத் தேடிக்கொண்ட ஒரே ஒரு கூரையையும் பிரித்துவிட்டாள்.

"ஒங்க நம்பரு..." என்று ஆரம்பித்தாள். ஷாஹீதா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனிமேரி மேலே கேட்கவில்லை. பருத்திப்பால் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. ஷாஹீதா எழுந்து பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து, பஸ் வந்ததும் கைப்பையை வாங்கி ஏற்றிவிட்டாள். பஸ் நகர்ந்த பிறகுதான், அந்தப் பெண்ணின் தலையைத் தொட்டு ஒரு ஆசீர்வாதம்கூடச் சொல்லவில்லை என்று ஆனிமேரிக்கு நினைவு வந்தது.

வீட்டில் ஞானசீலன் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "என்ன, சீக்கிரம் வந்துட்ட?" என்றார்.

அவள் படியில் உட்கார்ந்தாள். "நமக்கு ஒரு பேத்தி இருந்துச்சு" என்றாள். "பேரு மரியம். ரெண்டு நாளு இருந்துச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பேங்கில் பார்த்த படத்திலிருந்து பஸ் ஸ்டாப் வரை. அவர் வாளியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். சாய்ந்த வாளியிலிருந்து தண்ணீர் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில், "எங்க அடக்கம் பண்ணுனான்?" என்றார். எத்தனையோ பேருடைய அடக்கத்துக்கு முன்னால் நின்று காரியம் பார்த்தவர். அவருக்கு முதலில் வந்த கேள்வி அதுதான்.

சொன்னாள்.

"நான் அவனப் பாக்கலையே மேரி" என்றார்.

"அவன் பாத்தான்."

"வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"யாருகிட்ட?"

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக் கிளம்பி கோயில் வாசல் வரை போனவர், அங்கே அப்படியே நின்றார். உள்ளே போகிறவர்கள் எல்லாம் தோத்திரம் சொல்லிக்கொண்டு போனார்கள். அவர் யாருக்கும் பதில் தோத்திரம் சொல்லவில்லை. வாசலில் ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மகன் எந்த இடத்தில் நின்றிருப்பான் என்று தேடுகிறார் என்பது ஆனிமேரிக்குப் புரிந்தது. அவள் அவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். செபம் ஒன்றும் வரவில்லை.

மைதீன் பாயிடம் முட்டி வலி என்று சொல்லியிருந்தாள். அவர் போனில் வைத்தியம் சொன்னார். முத்துமீனா ஒரு தைலம் வாங்கி அஸ்வினியிடம் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமைகள் வந்தன. சாயங்காலம் ஆனால் ஆனிமேரி மாவாட்டப் போடுவாள். கிரைண்டர் சத்தத்தில் ஒரு மணி நேரம் போய்விடும்.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை மைதீன் பாய் கூப்பிட்டார். பின்னால் கூச்சலும் சிரிப்புமாக இருந்தது.

"முட்டி எப்பிடி இருக்கு டீச்சர்? நீங்க இல்லாம தோக்குறதுக்கு ஆளு கொறஞ்சுபோச்சு." குரலைத் தாழ்த்தினார். "ஆலன் வந்திருக்கான். போன வாரமும் வந்தான். சொல்லணும்னு தோணுச்சு, அம்புட்டுதேன்."

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

"ஏதும் கேட்டானா பாய்?"

"நீங்க வாரீங்களான்னு கேட்டான். இல்ல, முட்டி வலின்னேன். அப்பறம் ஷூவ மாட்டிக்கிட்டு எறங்கிட்டான்."

"நல்லா ஆடுறானா?"

"நல்லா ஆடுறான் டீச்சர்."

"சந்தோசம் பாய்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஞானசீலன் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அவன் அங்கதான் இருக்கானா? இப்பவா?" என்றார். எழுந்து உள்ளே போனார். வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். கையில் குடை இருந்தது. மழைக்கு அறிகுறியே இல்லை.

"நான் உள்ள போக மாட்டேன் மேரி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிறேன். அவன் வெளிய வரும்போது ஒரு தடவ பாத்துட்டு வந்துருறேன். அவனுக்குத் தெரியவே தெரியாது."

ஆனிமேரி எழுந்து வாசலுக்குப் போனாள். நிலையில் கை வைத்து நின்றாள். அவரை இப்படி மறித்து அவள் ஒருநாளும் நின்றதில்லை. மறிக்க வேண்டிய அன்றைக்கு மறிக்கவில்லை.

"வேண்டாங்க" என்றாள்.

"தூரத்துல இருந்துதானே."

"அன்னிக்கு அவனும் ஒங்களத் தூரத்துல இருந்துதான் பாத்தான். போகாதீங்க. அவன் ஆடட்டும்."

ஞானசீலன் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை. பிறகு குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மாவு எப்போதோ பதமாகிவிட்டது. அவள் போய் அதை நிறுத்தவில்லை. வெளிச்சம் மங்கி, தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகும் அவர் அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.